புறம்போக்கில் கிடக்கும் ஊர்க்கதை

ஊர் வரலாறு எழுத உட்காருபவர்கள் முதலில் தேடிப் போவது கோயில் கல்வெட்டைத்தான். கல்வெட்டு இல்லாத ஊர்க்காரர்கள், எழுத எதுவும் இல்லை என்று எழுந்து போய்விடுகிறார்கள். அரசன் எட்டிப் பார்க்காத ஊருக்கும் வரிக்காரன் வந்திருப்பான். அவன் விட்டுச் சென்றது கிராம வரைபடம். 16 அங்குலத்துக்கு ஒரு மைல் என்ற அளவில், வயல் வயலாக எண் போட்டு வரைந்த தாள்.

செங்கல்பட்டுச் சீமை, அளவைக்காரர்கள் திரும்பத் திரும்ப மிதித்த மண். 1763-இல் ஆர்க்காட்டு நவாபிடமிருந்து ஜாகீராக அதைப் பெற்ற கிழக்கிந்தியக் கம்பெனி, தாமஸ் பர்னார்டு என்பவரை வைத்து 1767 முதல் 1774 வரை ஏறக்குறைய 2,000 ஊர்களைக் கணக்கெடுத்தது. வீடு எத்தனை, ஏரி எத்தனை, விளைச்சலில் கோயிலுக்கும் கொல்லருக்கும் வெட்டியானுக்கும் பங்கு எவ்வளவு என்று ஊர்க் கணக்கர்கள் ஓலையில் எழுதிக் கொடுத்தார்கள். அந்த ஓலைகளில் ஒரு பகுதி தஞ்சைத் தமிழ்ப் பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. 1802-இல் வில்லியம் லாம்டன் பரங்கிமலையிலிருந்து ஏழரை மைல் நீளத்துக்கு அடிக்கோடு அளந்து, இந்தியாவின் மாபெரும் முக்கோண அளவையைத் தொடங்கினார். புகழெல்லாம் அவருக்குத்தான். ஆனால் ஊர்க்கதை தேடுபவருக்கு அவரால் பெரிய உதவியில்லை. 1858-க்குப் பிறகு 66 அடிச் சங்கிலியை வரப்பு வரப்பாக இழுத்துப் போட்ட பெயர் தெரியாத அளவையர்களுக்குத்தான் நாம் கடன்பட்டிருக்கிறோம்.

அவர்கள் அளந்தது தீர்வை போடுவதற்காக. நஞ்சை, புஞ்சை என்று வரி வரும் நிலத்தையெல்லாம் எண்ணிட்டு, தரம் பிரித்து, பட்டாதாரர் பெயரோடு பதிந்தார்கள். வரி வராத மிச்சமெல்லாம் புறம்போக்கு. என் அனுபவத்தில், படத்தை இந்த மிச்சத்திலிருந்து படிக்கத் தொடங்குவதே நல்லது. ஊர் கூடி வாழ்ந்த இடங்கள் அங்கேதான் இருக்கின்றன: ஏரி, தாங்கல், வரத்துக் கால்வாய், களம், மந்தைவெளி, மேய்க்கால், சுடுகாடு, வண்டிப்பாதை.

வண்டிப்பாதையை விரலால் பின்தொடர்ந்து பாருங்கள். இன்றைய தார்ச்சாலைக்குச் சம்பந்தமே இல்லாமல் அது ஊர் எல்லையைத் தாண்டி எங்கோ போகும். அடுத்த கிராமத்தின் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்தால், பழைய சந்தைக்கோ ஆற்றுத்துறைக்கோ போய்ச் சேரும். ஏரி என்றால் கரை, மதகு, கலங்கல் மூன்றையும் முதலில் கண்டுபிடிக்க வேண்டும். கலங்கலிலிருந்து உபரி நீர் எந்த ஏரிக்குப் போகிறது என்று பார்த்தால், எந்த ஊரும் எந்த ஊரும் தண்ணீருக்காகச் சண்டையிட்டிருக்கும் என்பதை ஓரளவு ஊகித்துவிடலாம். மழைக்காலத்தில் புதிய நகர் ஒன்றின் மூன்றாம் தெருவில் மட்டும் ஏன் தண்ணீர் நிற்கிறது என்பதற்கும் பல ஊர்களில் விடை இந்தத் தாளிலேயே இருக்கிறது.

நத்தத்துக்கு வருவோம். வீடுகள் இருக்கும் பகுதி அது. பல கிராமப் படங்களில் ஊர் நத்தம் ஓரிடத்திலும் சேரி நத்தம் வயல்களைத் தாண்டி வேறிடத்திலும் கிடக்கும். சுடுகாடும் இரண்டாக இருக்கும். வரைந்தவர் சாதியைப் பற்றி ஒரு சொல்லும் எழுதவில்லை. தூரத்தை மட்டும் பிசகாமல் அளந்து வைத்தார்.

படத்தை முழுக்க நம்பிவிடவும் கூடாது. யார் எந்தப் பருவத்தில் ஏரியில் மீன் பிடித்தார்கள், அறுவடைக்குப் பிறகு யார் ஆடு யார் வயலில் கிடை போட்டது என்பதெல்லாம் அதில் வராது. மேட்டுக்கொல்லை, பனந்தோப்பு என்று ஊர் கூப்பிடும் இடம் படத்தில் வெறும் புல எண்தான். அதனால் படத்தை எடுத்துக்கொண்டு வயதானவர்களோடு வயலில் நடக்க வேண்டும்; ஆடு மேய்த்தவர்களோடு நடப்பது இன்னும் நல்லது.

இணையத்தில் புலப்படமும் 'அ' பதிவேடும் இலவசமாகவே கிடைக்கின்றன. ஆனால் அவை இன்றைய நிலை. பழையவற்றுக்கு வட்டாட்சியர், ஆட்சியர் அலுவலகப் பதிவறைகளையும், சேப்பாக்கத்தில் உள்ள மத்திய நில அளவை அலுவலகத்தையும், எழும்பூர் ஆவணக் காப்பகத்தையும்தான் நாட வேண்டும். பொறுமையும் வேண்டும். கிடைத்த படத்தை கியூஜிஐஎஸ் என்ற இலவச மென்பொருளில் செயற்கைக்கோள் படத்தின் மேல் பொருத்தினால், எது மாறியது என்பது ஒரே பார்வையில் தெரியும்.

பழைய படங்களையும் பதிவேடுகளையும் தேடுவது பழம்பெருமைக்காரர்களின் பொழுதுபோக்கு மட்டும் அல்ல. செங்கல்பட்டு ஆட்சியராக இருந்த ட்ரெமென்ஹீர் 1891-இல், நிலமில்லாத பட்டியலின மக்களின் நிலையை விவரித்து அரசுக்கு அறிக்கை அனுப்பினார். அதைத் தொடர்ந்து 1892 முதல் அவர்களுக்கு நிபந்தனையோடு நிலம் ஒதுக்கப்பட்டது. அதுவே பஞ்சமி நிலம். சென்னை மாகாணம் முழுவதிலும் சுமார் 12 லட்சம் ஏக்கர் என்பது வழக்கமாகச் சொல்லப்படும் கணக்கு. அது கைமாறிப் போன கதையும், அதை மீட்க 1994-இல் செங்கல்பட்டுப் பக்கத்துக் காரணையில் நடந்த போராட்டமும் அதில் பறிபோன இரண்டு உயிர்களும் தெரிந்தவையே. ஒரு குறிப்பிட்ட வயல் பஞ்சமி நிலம்தான் என்று நிறுவ, அந்தப் புல எண்ணுக்கு நேரே பழைய செட்டில்மெண்ட் பதிவேட்டில் 'டி.சி.' (டிப்ரெஸ்ட் கிளாஸ், ஒடுக்கப்பட்ட வகுப்பு) என்ற குறிப்பு இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். 1979-இல் தொடங்கிய, நில உடைமைப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் யு.டி.ஆர். திட்டத்தின் பதிவுகளில் இந்தக் குறிப்பு விடுபட்டுப் போனதாகப் புகார்கள் உண்டு. அதனால் இப்போதைய பட்டாவை மட்டும் பார்த்துத் திரும்பிவிடாமல், அதற்கு முந்தைய பதிவேட்டின் நகலையும் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்குகிறார்கள் விவரம் தெரிந்தவர்கள்.