ஒரு லட்சம் வாட் மின்சாரம். தள்ளுவதோ அரை கிலோ!

செவ்வாய் பயணத்துக்கு மின்சார என்ஜின்: விஞ்ஞானிகள் மல்லுக்கட்டு

எடை சுமார் 230 கிலோ. தூக்கி வைக்க கிரேன் வேண்டும். ஒரு லட்சம் வாட்டுக்கு மேல் மின்சாரம் குடிக்கும். ஆனால் அந்த என்ஜின் தள்ளும் பலம்? அரை கிலோ சர்க்கரைப் பொட்டலம் கையை அழுத்துமே, அவ்வளவுதான்!

"இதுக்கா இத்தனை ஆர்ப்பாட்டம்?" என்று கேட்கத் தோன்றும். ஆனால், செவ்வாய் கிரகத்துக்கு ஆளையும் சரக்கையும் கொண்டு செல்ல இந்த மாதிரி என்ஜின் கைகொடுக்கும் என்று விஞ்ஞானிகள் நம்புகிறார்கள்.

புதிய சாதனை

என்ஜினின் பெயர் எக்ஸ்-3. அமெரிக்காவில் மிச்சிகன் பல்கலைக்கழகப் பேராசிரியர் அலெக் கல்லிமோர் தலைமையில் உருவானது. 2017-ம் ஆண்டு கிளீவ்லாண்ட் நகரில் உள்ள நாசா ஆராய்ச்சி நிலையத்தில், காற்றை உறிஞ்சி எடுத்த ராட்சதத் தொட்டிக்குள் வைத்து ஓட்டிப் பார்த்தார்கள்.

102 கிலோவாட் வரை தாங்கியது. உந்துவிசை 5.4 நியூட்டன். இந்த ரக என்ஜினில் அதற்கு முந்தைய சாதனை 3.3 நியூட்டன்தான்.

எப்படி ஓடுகிறது?

நெருப்பு கிடையாது. செனான் என்ற வாயுவின் அணுக்களில் இருந்து எலெக்ட்ரானைக் கழற்றி விடுகிறார்கள். மின்சார சக்தி அந்த அணுக்களைப் பின்னால் வீசி எறிகிறது. என்ஜின் முன்னால் நகர்கிறது.

எரிபொருள் ராக்கெட்டில் வாயு வெளியேறும் வேகம் வினாடிக்கு சுமார் 4½ கிலோ மீட்டர். இதிலோ 20 கிலோ மீட்டருக்கும் மேல்! ஆகவே கொஞ்சம் வாயுவே வெகுதூரம் வரும்.

"அப்போ பழைய ராக்கெட் வேண்டாமா?" வேணும். பூமியை விட்டுக் கிளம்ப அதுதான் கதி. மேலே போன பிறகுதான் மின்சார என்ஜினுக்கு வேலை. அங்கே காற்றுத் தடை இல்லை. மாதக்கணக்கில் தள்ளிக்கொண்டே இருந்தால் வேகமும் ஏறிக்கொண்டே போகும்.

2007-ல் கிளம்பிய 'டான்' விண்கலத்தின் மின்சார என்ஜின் தள்ளியது இரண்டு காகிதத்தின் கனம்தான். அதை வைத்துக்கொண்டே 2011-ல் வெஸ்டா, 2015-ல் சீரீஸ் என்று ஒரு சிறுகோளையும் ஒரு குறுங்கோளையும் சுற்றி வந்தது.

எங்கே சிக்கல்?

முதல் சிக்கல், மின்சாரம். சர்வதேச விண்வெளி நிலையத்தில் முதலில் பொருத்திய 8 சூரியத் தகடுகளும் சேர்ந்து தருவது 84 முதல் 120 கிலோவாட். எக்ஸ்-3 ஒன்றுக்கே அது சரியாகப் போய்விடும்!

அடுத்தது, தேய்மானம். பாய்ந்து செல்லும் அணுக்கள் என்ஜினின் உள்சுவரையே அரித்து விடுகின்றன. காந்த சக்தியைத் திருப்பி விட்டு சுவரைக் காப்பாற்றப் பார்க்கிறார்கள்.

இந்தியாவும் களத்தில்

நம் 'இஸ்ரோ'வும் சும்மா இல்லை. 5.4 கிலோவாட் மின்சாரத்தில் ஓடும் என்ஜினை 1,000 மணி நேரம் ஓட்டி, சுவர் எவ்வளவு அரிக்கிறது என்று சோதித்து முடித்ததாக 2025 மார்ச்சில் அறிவித்தது. எரிபொருள் சுமை குறைந்தால், செயற்கைக்கோளில் கூடுதல் கருவிகளை ஏற்றலாம்.

செவ்வாய்க்குச் சரக்கு ஏற்றிப் போகும் என்ஜின் பல ஆயிரம் மணி நேரம் நிற்காமல் ஓட வேண்டும். நடுவழியில் படுத்து விட்டால் பழுது பார்க்க அங்கே ஆள் கிடையாது.