வைக்கோல் போர் அடியில் கூடிய ஐந்து மாணவர்கள்

காட்பாடி ரெயில் நிலையத்தில் தினமும் காணும் காட்சி ஒன்று உண்டு. வடக்கே இருந்து வரும் ரெயில் நின்றதும் வங்காளத்தில் இருந்தும் அசாமில் இருந்தும் நோயாளிகள் இறங்குவார்கள். ஒரு கையில் பெட்டி, மறு கையில் எக்ஸ்ரே உறை. தமிழ் ஒரு வார்த்தை தெரியாது. ஆனாலும் "சி.எம்.சி." என்று ஒரு சொல் சொன்னால் போதும். ஆட்டோக்காரர் வேலூர் ஆஸ்பத்திரி வாசலில் கொண்டுபோய் விட்டுவிடுவார்.

அந்த ஆஸ்பத்திரியின் வேரைத் தேடிப் போனால் ஒரு கல்லூரி மாணவர் ஜெபக் கூட்டத்தில் போய் நிற்கும். மதுரை அமெரிக்கன் கல்லூரியின் வேரும் அங்கேதான் இருக்கிறது. பம்பாயில் அமெரிக்க மிஷன் நடத்திய பழைய பள்ளிக்கூடங்களின் வேரும் அதுவே. கூட்டத்தில் இருந்தவர்கள் ஐந்தே பேர். கூடிய இடம் ஒரு வைக்கோல் போரின் அடி!

மழைக்கு ஒதுங்கியவர்கள்

அது 1806-ம் ஆண்டு, ஆகஸ்டு மாதம். அமெரிக்காவில் மாசாசூசெட்ஸ் மாநிலத்தின் மேற்கு மூலையில் வில்லியம்ஸ்டவுன் என்ற சிற்றூர். அங்கே வில்லியம்ஸ் கல்லூரி என்று ஒரு சின்னக் கல்லூரி. ஆரம்பித்து 13 ஆண்டுகள்தான் ஆகியிருந்தன.

அந்தக் காலத்தில் அங்கே ஜெபம் செய்கிற மாணவனுக்கு மதிப்பு இல்லை. பிரெஞ்சுப் புரட்சியின் காற்று அமெரிக்கக் கல்லூரிகளிலும் வீசிய நேரம். கடவுளை நம்புகிறவன் கேலிக்கு ஆளானான். அதனால் பக்தியுள்ள சில மாணவர்கள் கல்லூரிக் கட்டிடத்தை விட்டு வெளியே போய் ஜெபம் செய்தார்கள். வாரத்துக்கு இரண்டு தடவை மரத்தடியில் கூடுவார்கள்.

அன்று கடும் புழுக்கம். வானம் கறுத்து இருந்தது. வழக்கமாக வருகிறவர்களில் பலர் வரவில்லை. வந்தவர்கள் ஐந்து பேர்: சாமுவேல் மில்ஸ், ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ், பிரான்சிஸ் ராபின்ஸ், ஹார்வி லூமிஸ், பைரம் கிரீன்.

கூட்டம் நடக்கும்போதே இடி இடித்தது. ஐவரும் ஓடினார்கள். பக்கத்து வயலில் மாட்டுக்காகக் காய்ந்த புல்லை நம் ஊர் வைக்கோல் போர் மாதிரி குவித்து வைத்திருந்தார்கள். அதன் ஓரத்தில் ஒண்டிக்கொண்டார்கள்.

ஒருவர் மறுத்தார்

அந்த மாணவர்கள் அப்போது ஆசியாவைப் பற்றிப் பாடம் படித்துக்கொண்டு இருந்தார்கள். கிழக்கு இந்தியக் கம்பெனி, அதன் வியாபாரம், அது ஆண்ட நாடுகள். பேச்சும் அதைப் பற்றியே போயிற்று.

"நாமே அங்கு போனால் என்ன?" என்று கேட்டார் மில்ஸ். அவருக்கு வயது 23. அப்பா பாதிரியார். அமெரிக்காவில் இருந்து கிறிஸ்தவ ஊழியத்துக்காக ஆசியாவுக்கு ஒருவரை அனுப்ப, அன்றைக்கு ஒரு சங்கம்கூடக் கிடையாது. கப்பலில் வந்து சேரவே நாலைந்து மாதம் ஆகும்.

நான்கு பேர் சரி என்றார்கள். லூமிஸ் ஒப்புக்கொள்ளவில்லை. இப்போது போனால் போகிறவர்கள் உயிரோடு மிஞ்ச மாட்டார்கள், காலம் கனியட்டும் என்பது அவர் கட்சி. வாக்குவாதம் நடந்தது. பிறகு ஜெபம் செய்தார்கள். மழை விட்டது. அறைகளுக்குத் திரும்பினார்கள்.

நடந்தது இவ்வளவுதான். பத்திரிகையில் செய்தி வரவில்லை. கல்லூரிக்கும் தெரியாது.

ரகசிய சங்கம்

இரண்டு ஆண்டுகள் கழித்து, 1808-ல், அதே கல்லூரியில் மில்சும் நண்பர்களும் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள். பெயர் "சகோதரர்கள்". அது ரகசிய சங்கம். விதிகளைக்கூட சங்கேத எழுத்தில் எழுதி வைத்தார்கள். வெளியே தெரிந்தால் பைத்தியக்காரத்தனம் என்று ஊர் சிரிக்கும் என்ற பயம். கடல் கடந்து போவதற்குத் தடையான எந்த ஒப்பந்தத்திலும் மாட்டிக்கொண்டவனைச் சேர்ப்பது இல்லை என்று கண்டிப்பான விதி இருந்தது.

படிப்பு முடிந்தது. சிலர் ஆண்டோவர் என்ற ஊரில் இறையியல் படிக்கப் போனார்கள். 1810-ம் ஆண்டு ஜூன் மாதம், பெரிய பாதிரிமார்கள் கூடிய சபையில் ஒரு மனு கொடுத்தார்கள். எங்களை வெளிநாட்டுக்கு அனுப்புவீர்களா, அல்லது ஐரோப்பாவில் உள்ள சங்கத்தை நாடவா என்பதே மனுவின் சாரம்.

மனுவில் முதலில் இருந்த கையெழுத்து ஆறு. ஆறு பேரை அனுப்பச் செலவு எவ்வளவு ஆகும் என்று பெரியவர்கள் மிரண்டுவிடுவார்களோ என்று தயங்கி, இரண்டு பெயரை எடுத்துவிட்டார்கள். எடுக்கப்பட்ட பெயர்களில் ஒன்று ஜேம்ஸ் ரிச்சர்ட்ஸ். வைக்கோல் போர் அடியில் நனைந்த ஐவரில் ஒருவர்!

மனு பலித்தது. "அமெரிக்கன் போர்டு" என்று நம் ஊர் கிறிஸ்தவர்கள் சொல்லும் மிஷன் சங்கம் அந்த ஆண்டே பிறந்தது.

பம்பாய்க்கு வந்தவர்

1812-ம் ஆண்டு பிப்ரவரியில் முதல் குழு இரண்டு கப்பல்களில் கல்கத்தாவுக்குப் புறப்பட்டது. வந்து இறங்கியதும் கம்பெனி அரசாங்கம் வெளியே போ என்றது. அந்த ஆண்டே இங்கிலாந்துக்கும் அமெரிக்காவுக்கும் போர் மூண்டது. எதிரி நாட்டுக்காரர்கள் என்ற சந்தேகம் வேறு.

அவர்களில் கார்டன் ஹால், சாமுவேல் நாட் ஆகிய இருவரும் 1813 பிப்ரவரியில் பம்பாய்க்கு வந்தார்கள். ஹால் வில்லியம்ஸ் கல்லூரி மாணவர். இங்கேயும் நாடு கடத்த உத்தரவு போட்டார்கள். கவர்னர் சர் இவான் நேபியனுக்கு மனுவுக்கு மேல் மனு எழுதினார் ஹால். ஒரு தடவை கொச்சிவரை போய்விட்ட இருவரையும் திரும்பக் கொண்டுவந்தார்கள். அதே 1813-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு கம்பெனிச் சட்டத்தை மாற்றியது. கதவு திறந்தது.

நாட் உடல்நலம் கெட்டு ஊர் திரும்பினார். ஹால் 13 ஆண்டுகள் இருந்தார். மராத்தி கற்றார். பள்ளிகள் எழுந்தன. அச்சகம் வந்தது. 1824-ல் பெண் குழந்தைகளுக்கும் பள்ளிக்கூடம் வந்தது.

1826-ம் ஆண்டு மார்ச்சில் ஹால் நாசிக் பக்கம் பயணம் போனார். அங்கே காலரா. கையில் இருந்த மருந்தை நோயாளிகளுக்குக் கொடுத்துவிட்டுத் திரும்பும் வழியில் அவரையே காலரா பிடித்தது. சில மணி நேரத்தில் முடிந்துவிட்டது. பிள்ளைகளின் உடல்நலத்துக்காக மனைவியையும் பிள்ளைகளையும் முந்தின ஆண்டுதான் அமெரிக்காவுக்குக் கப்பல் ஏற்றி அனுப்பியிருந்தார்.

தமிழரிடம் வந்தவர்

மனுவில் இருந்து பெயர் எடுக்கப்பட்ட ரிச்சர்ட்ஸ் என்ன ஆனார்?

அவர் கோபித்துக்கொண்டு ஒதுங்கிவிடவில்லை. காத்திருந்தார். மருத்துவமும் கற்றார். மனு கொடுத்து ஐந்து ஆண்டுகள் கழித்து, 1815 அக்டோபரில் கப்பல் ஏறினார். 1816-ம் ஆண்டு கொழும்புக்கு வந்தார். அங்கிருந்து யாழ்ப்பாணம். ஐவரில் ஆசிய மண்ணை மிதித்தவர் அவர் ஒருவரே. மிதித்தது தமிழ் மண்.

வட்டுக்கோட்டையில் கூரை இல்லாமல் கிடந்த பழைய தேவாலயத்தைச் சீர்செய்து ரிச்சர்ட்சும் கூட்டாளியும் வேலையை ஆரம்பித்தார்கள். ஆனால் உடம்பு இடம் தரவில்லை. நுரையீரல் நோய். பேசவே சிரமப்பட்டார். நலம் தேடித் தென்ஆப்பிரிக்க முனைக்குப் போனார். உடன் போன நண்பர் எட்வர்டு வாரன் அங்கேயே இறந்தார். ரிச்சர்ட்ஸ் யாழ்ப்பாணத்துக்கே திரும்பி வந்தார். 1822 ஆகஸ்டில் தெல்லிப்பழையில் காலமானார். வயது 38.

தமிழ் மண்ணில் அவர் வாழ்ந்தது ஆறே ஆண்டுகள். அதிலும் பல மாதங்கள் படுக்கையில். கணக்குப் பார்த்தால் நஷ்டக் கணக்குதான்.

ஆனால் அவர் இறந்த மறு ஆண்டே, 1823-ல், வட்டுக்கோட்டை செமினரி எழுந்தது. அங்கே படித்தவர்களில் ஒருவர் சி.வை. தாமோதரம் பிள்ளை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் பட்டதாரிகளுள் ஒருவர். கலித்தொகையை 1887-ல் முதன்முதல் அச்சில் ஏற்றியவர். கிறிஸ்தவக் கல்லூரியில் படித்த அவர் பின்னாளில் சைவராகவே வாழ்ந்தார். அனுப்பியவர்கள் நினைத்தது ஒன்று. தமிழர்கள் தங்களுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டது இன்னொன்று.

1824-ல் உடுவிலில் பெண்கள் விடுதிப் பள்ளி வந்தது. 1834-ல் இதே மிஷன் மதுரைக்கு வந்தது. 1862-ல் மிஷனெரி வின்ஸ்லோ 67,000-க்கு மேற்பட்ட சொற்களைக் கொண்ட தமிழ்-ஆங்கில அகராதியை வெளியிட்டார். டாக்டர் சாமுவேல் கிரீன் மானிப்பாயில் மேல்நாட்டு மருத்துவத்தைத் தமிழிலேயே கற்பித்தார். மருத்துவப் பாடநூல்களைத் தமிழில் கொண்டுவந்தார். 1881-ல் மதுரை அமெரிக்கன் கல்லூரி.

1819-ல் இதே போர்டு அனுப்பிய டாக்டர் ஜான் ஸ்கட்டர் யாழ்ப்பாணத்தில் வேலை செய்து, பிறகு சென்னைக்கு வந்தார். அவருடைய பேத்திதான் ஐடா ஸ்கட்டர். 1900-ம் ஆண்டு ஒரே ஒரு படுக்கையுடன் அவர் வேலூரில் ஆரம்பித்த வைத்தியமே இன்றைய சி.எம்.சி. காட்பாடியில் இறங்கும் வங்காளியின் எக்ஸ்ரே உறைக்கும் 1806-ம் ஆண்டு மழைக்கும் உள்ள சம்பந்தம் இதுதான்.

மற்ற நால்வர்

முதலில் பேச்சை எடுத்த மில்ஸ் இந்தியாவுக்கு வரவே இல்லை. ஊரிலேயே இருந்து சங்கங்களை உண்டாக்கினார். ஆப்பிரிக்கா போய்த் திரும்பும்போது 1818-ல் நடுக்கடலில் இறந்தார். வயது 35. ராபின்ஸ் உள்ளூரில் பாதிரியார் ஆனார்.

மறுத்துப் பேசிய லூமிசை யாரும் தள்ளி வைக்கவில்லை. அவரும் பாங்கோர் என்ற ஊரில் பாதிரியாராக இருந்து, 1825-ல் பிரசங்க மேடையிலேயே உயிர்விட்டார். உயிருக்கு ஆபத்து என்று அவர் சொன்னது பொய்யும் அல்ல. ரிச்சர்ட்ஸ், வாரன், ஹால் எல்லாரும் நாற்பதை ஒட்டியோ அதற்கு முன்போ போய்விட்டார்கள். மனிதர் கை கொன்றது அல்ல, நோய் கொன்றது.

பைரம் கிரீன் அரசியலில் இறங்கி அமெரிக்கப் பார்லிமெண்டு உறுப்பினர் ஆனார். 1854-ல் கிழவராகக் கல்லூரிக்கு வந்தவரிடம், வைக்கோல் போர் இருந்த இடம் எது என்று கேட்டார்கள். போய் அடையாளம் காட்டினார். 1867-ல் அங்கே 12 அடி உயரச் சலவைக்கல் தூண் நட்டார்கள். உச்சியில் உலக உருண்டை. கீழே வைக்கோல் போர், ஐவர் பெயர்கள். தூண் இன்றும் நிற்கிறது. கல்லூரியோ இன்று எந்தச் சபையையும் சார்ந்தது அல்ல.

அறைக்குள் கூடுகிறவர்கள்

இந்தியாவிலும் மாணவர் ஜெபக் கூட்டங்களுக்குப் பழைய வரலாறு உண்டு. எஸ்.சி.எம். என்னும் மாணவர் கிறிஸ்தவ இயக்கம் இங்கே 1912-ல் உருவானது. யு.இ.எஸ்.ஐ. 1954-ல் தொடங்கியது.

அந்தக் கூட்டங்களுக்குப் பெரிய மண்டபம் தேவை இல்லை. விடுதியில் இரவுச் சாப்பாடு முடிந்ததும் ஒரு அறையில் ஏழெட்டுப் பேர். கட்டிலில் நாலு பேர், தரையில் பாய் விரித்து நாலு பேர். ஒரு கிட்டார் இருந்தால் உண்டு, இல்லாவிட்டால் கைத்தாளம். பாட்டு, வேத வாசிப்பு, பிறகு ஆளுக்கு ஒரு விண்ணப்பம். ஒருவனுக்குக் கணக்குப் பாடத்தில் அரியர். ஒருவனுடைய அப்பா படுக்கையில். ஒருவனுக்கு ஊரில் இருந்து பணம் வரவில்லை. ஜெபம் முடிந்ததும் பணம் வராதவனின் மெஸ் பில்லை யார் கட்டுவது என்ற பேச்சு வரும். வராவிட்டால் அந்த ஜெபத்தில் ஏதோ குறை என்றுதான் அர்த்தம்.

தாராவியிலும் மாதுங்காவிலும் அறைக்கு ஆறு பேராகத் தங்கி வேலை பார்த்தவர்களுக்கு இது புதிது அல்ல. வெள்ளிக்கிழமை பஜனையாக இருக்கலாம். ஞாயிற்றுக்கிழமை ஆராதனையாக இருக்கலாம். நோன்புக் கஞ்சியாகவும் இருக்கலாம். ஊரை விட்டு வந்தவன் நாலு பேரோடு சேர்ந்து உட்காரும் அந்த ஒரு மணி நேரம்தான் அவனைத் தாங்கி நிறுத்துகிறது. ஒருவன் காய்ச்சலில் விழுந்தால் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப் போகிறவர்களும் அந்த நாலு பேர்தான்.

அன்று மழைக்குப் பயந்து கூட்டத்துக்கு வராமல் அறையிலேயே இருந்துவிட்ட மாணவர்களின் பெயரை அந்தத் தூணில் தேடினால் கிடைக்காது. வந்தவர்கள் ஐந்து பேர். அவர்களிலும் ஒருவர் மறுத்தார். ஒருவர்தான் கடைசியில் ஆசியாவில் வந்து இறங்கினார். அந்த ஒருவர் போதுமானதாக இருந்தது.