ஜுரம் எத்தனை டிகிரி?

குழந்தைக்கு ஜுரம் என்று கேள்விப்பட்டதும் பாட்டி பதைபதைத்துப் போகிறாள். வெளிதேசத்திலிருக்கும் மகன் டெலிபோனில், "39 இருக்கிறது, அம்மா" என்கிறான். "அப்பாடா, 39 தானா? 98-க்கு மேல் போனால்தானே ஜுரம்!" என்று பாட்டி ஆறுதல் அடைகிறாள். வாஸ்தவத்தில் அந்த 39 என்பது பாட்டியின் கணக்கில் 102-க்கும் மேல். குழந்தையின் உடம்பு ஒன்றுதான்; அளக்கும் கோல்தான் இரண்டு. எண்ணை மட்டும் கேட்டு, எந்தக் கோல் என்று கேட்காமல் விடுவதில் இவ்வளவு அபாயம் இருக்கிறது.

1956-ம் வருஷத்துச் சட்டத்தின் பயனாக நம் தேசத்தில் ராத்தலும் வீசையும் விடைபெற்றுக்கொண்டன. பாரன்ஹீட் மட்டும் நம் வீட்டு மருந்துப் பெட்டியை விட்டுப் போகவில்லை. வானிலை இலாகா செல்ஸியஸில் சொல்லும் வெயிலைக்கூடப் பத்திரிகைகள் பாரன்ஹீட்டுக்கு மாற்றி, "சதமடித்தது" என்று எழுதுகின்றன. அந்தச் சதம் செல்ஸியஸில் ஏறக்குறைய 37.8 தான்.

டான்ஸிக் நகரில் பிறந்து ஹாலந்தில் கருவிகள் செய்துவந்த டேனியல் பாரன்ஹீட், 1724-ல் தமது அளவை வெளியிட்டார். பனிக்கட்டியும் நீரும் நவச்சாரமும் சேர்ந்த கலவையின் குளிர்ச்சியைப் பூஜ்யமாகவும், மனித உடம்பின் வெப்பத்தை 96 ஆகவும் அவர் வைத்துக்கொண்டார். பிற்பாடு நீர் உறையும் நிலை 32, கொதிக்கும் நிலை 212 என்று நிலைபெற்றபோது, உடம்பின் கணக்கு 98-ஐத் தாண்டிவிட்டது. 1742-ல் ஸ்வீடன் தேசத்து வானசாஸ்திரி ஆண்டர்ஸ் செல்ஸியஸ், நீரின் இவ்விரு நிலைகளுக்கும் நடுவே 100 படிகள் அமைத்தார். வேடிக்கை என்னவென்றால், கொதிக்கும் நிலைக்குப் பூஜ்யமும், உறையும் நிலைக்கு 100-ம் கொடுத்திருந்தார்! பின்னால்தான் அது தலைகீழாகத் திருப்பப்பட்டது.

ஆக, 180 படிகள் ஏறும் தூரத்தை மற்றது 100 படிகளில் ஏறிவிடுகிறது. செல்ஸியஸின் 5 படி பாரன்ஹீட்டின் 9 படிக்குச் சமம். தொடங்கும் இடமும் 32 தள்ளியிருக்கிறது. மனக்கணக்குக்கு ஒரு சுலப வழி உண்டு. செல்ஸியஸ் எண்ணை இரட்டித்து, வந்ததில் பத்தில் ஒரு பங்கைக் கழித்து, 32-ஐக் கூட்டுங்கள். 39-ஐ இரட்டித்தால் 78; 7.8 போக 70.2, 32 சேர்த்தால் 102.2. திரும்பி வருவதானால் முதலில் 32-ஐக் கழித்து, 5-ஆல் பெருக்கி, 9-ஆல் வகுக்கவேண்டும். 104-ல் 32 போனால் 72. அதிலிருந்து கிடைப்பது 40.

இங்கே ஒரு பள்ளம் இருக்கிறது. படித்தவர்களும் அதில் விழுவதுண்டு. ஏற்றத் தாழ்வை மாற்றும்போது 32-ஐத் தொடவே கூடாது. 2015-ல் பாரிஸ் மகாநாட்டில், பூமியின் வெப்ப உயர்வை 1.5 டிகிரி செல்ஸியஸுக்குள் நிறுத்த முயல்வதென்று தேசங்கள் ஒப்புக்கொண்டன. பாரன்ஹீட்டில் அது 2.7. 32-ஐயும் சேர்த்து 34.7 என்று எழுதினால், அத்தகைய உயர்வுக்குப் பின் உலகில் மிஞ்சுவது யார்?

நாம் வேதவாக்காகக் கொண்டுள்ள 98.6-ன் ரகசியமும் இந்த மாற்றத்தில்தான் இருக்கிறது. ஜெர்மானிய வைத்தியர் வுண்டர்லிக், சுமார் 25,000 நோயாளிகளைச் சோதித்து, 1868-ல் 37 டிகிரி செல்ஸியஸ் என்று முழு எண்ணாகச் சொன்னார். அதைப் பாரன்ஹீட்டுக்கு மாற்றியபோதுதான் தசாம்சப் புள்ளி ஒட்டிக்கொண்டது. 1992-ல் அமெரிக்காவில் வெளியான ஆராய்ச்சியோ சராசரி 98.2 என்றது. உடம்பின் வெப்பம் ஆளுக்கு ஆள், காலைக்கும் மாலைக்கும் மாறும். 98.8-ஐப் பார்த்துத் திகிலடைய வேண்டியதில்லை.

திகிலடையாவிட்டாலும் தாமதிக்கக் கூடாத எண் ஒன்று உண்டு. மூன்று மாதத்துக்கு உட்பட்ட சிசுவுக்கு 38 செல்ஸியஸ், அதாவது 100.4 பாரன்ஹீட் கண்டால், உடனே வைத்தியரிடம் கொண்டுபோக வேண்டும். இக்காலத்து மின்கல உஷ்ணமானிகள் பலவற்றில், தவறி ஒரு பொத்தானை அழுத்தினாலும் கோல் மாறிவிடும். ஆகவே ஜுரத்தைக் குறித்துவைக்கும் தாய்மார்கள், எண்ணுக்குப் பக்கத்திலேயே அளவின் பெயரையும் எழுதிவிடுவார்களாக. ஊர் பேர் இல்லாத கடிதம் போய்ச் சேராது; அளவின் பெயர் இல்லாத எண்ணோ தவறான இடத்தில் போய்ச் சேர்ந்துவிடும்.