பிள்ளைகளோடு காரில் ஒரு பகல்: மேற்குப் புறநகரிலிருந்து பூண்டியும் காஞ்சியும்

சென்னையின் மேற்கில் உள்ள அம்பத்தூர், ஆவடி, பூந்தமல்லி ஆகிய புறநகர்களுக்கு வாய்த்திருக்கும் ஒரு வசதியை அங்கே குடியிருப்பவர்களே போதிய அளவு பயன்படுத்திக்கொள்வதில்லை. அம்பத்தூரில் எம்.டி.எச். சாலை என்றும் ஆவடிப் பக்கம் சி.டி.எச். சாலை என்றும் அழைக்கப்படும் திருவள்ளூர் நெடுஞ்சாலை திருத்தணி, திருப்பதி நோக்கிச் செல்கிறது. பூந்தமல்லியிலிருந்து பெங்களூரு நெடுஞ்சாலை ஸ்ரீபெரும்புதூரைத் தாண்டிக் காஞ்சிபுரத்தை ஒட்டி நீள்கிறது. இவ்விரண்டையும் நெமிலிச்சேரியிலும் நசரத்பேட்டையிலும் வெட்டிக்கொண்டு, வண்டலூரிலிருந்து மீஞ்சூர் வரை 62 கிலோமீட்டர் நீளமுள்ள வெளிவட்டச் சாலை ஓடுகிறது. நகருக்குள் நுழையாமலேயே எந்தத் திசையிலும் வெளியேறலாம் என்ற நிலை இருந்தும், விடுமுறை என்றதும் இப்பகுதிக் குடும்பங்கள் பலவும் கிழக்குக் கடற்கரைச் சாலைக்கே புறப்பட்டு, கடலைக் காண்பதற்கு முன்பே பிள்ளைகளின் பொறுமையைப் போரூரிலும் கிண்டியிலும் செலவழித்துவிடுகின்றன.

பிள்ளைகளோடு போகும் பயணத்தைக் கிலோமீட்டரால் அல்லாமல், அவர்களால் இருக்கையில் உட்கார்ந்திருக்க முடிகிற நேரத்தால் அளப்பதே சரியான கணக்கு. ஒரு மணி நேரத்துக்கு மேல் கால் நீட்டாமல் இருப்பது சிறுவர்களுக்கு எளிதன்று என்பதோடு, வாந்தி என்ற பெரும் தொல்லையும் இங்கே குறுக்கிடுகிறது. காதின் உட்பகுதியில் உள்ள சமநிலை உறுப்பு, வண்டியின் ஆட்டத்தையும் திருப்பத்தையும் உணர்ந்து மூளைக்குத் தெரிவிக்கும் அதே வேளையில், கைப்பேசியிலோ படக்கதையிலோ பதிந்திருக்கும் கண்கள் எதுவும் அசையவில்லை என்று தெரிவிக்க, இந்த முரண்பாட்டால் குமட்டல் உண்டாகிறது என்பது பரவலாக ஏற்கப்பட்ட விளக்கம். இரண்டு வயது முதல் பன்னிரண்டு வயது வரை உள்ளவர்களை இது மிகுதியாகப் பாதிக்கிறது. ஆகவே, அடம் பிடிக்கும் குழந்தையை அமைதிப்படுத்தக் கைப்பேசியைக் கொடுப்பது பெரும்பாலும் அடுத்த அரை மணியில் வண்டியைக் கழுவ நேர்வதில்தான் முடிகிறது. கண்ணாடியைச் சற்று இறக்கிவிட்டு, தூரத்துப் பனைமரத்தையோ ஏரிக்கரையையோ பார்க்கச் சொல்வது பயனளிக்கும்.

இந்தக் கணக்குக்கு மிகவும் பொருந்துவது ஆவடியிலிருந்து திருவள்ளூர் வழியாகப் பூண்டிக்குச் செல்லும் பயணம். கொசஸ்தலை ஆற்றின் குறுக்கே 1944-இல் கட்டி முடிக்கப்பட்ட பூண்டி நீர்த்தேக்கம், அதன் உருவாக்கத்துக்கு உழைத்த சென்னை மேயர் சத்தியமூர்த்தியின் பெயரால் சத்தியமூர்த்தி சாகர் என வழங்குகிறது. இதன் கொள்ளளவு 3.231 டி.எம்.சி.; ஒரு டி.எம்.சி. என்பது நூறு கோடி கன அடி நீர். ஆந்திரத்தின் கண்டலேறு அணையிலிருந்து கால்வாய் வழியே வரும் கிருஷ்ணா நீர் இங்கே சேர்ந்து, பின்னர் புழல் ஏரிக்கும் பூந்தமல்லியை ஒட்டிய செம்பரம்பாக்கம் ஏரிக்கும் போகிறது. வீட்டுக் குழாயில் வரும் நீர் எங்கிருந்து வருகிறது என்ற கேள்விக்குப் பாடநூலைவிட இந்த அணைக்கரை நன்றாக விடை சொல்லும். மதகுப் பக்கமும் நீரின் விளிம்பும் வழுக்கக்கூடியவை என்பதால், கைக்குழந்தையைவிட ஓடியாடும் வயதுப் பிள்ளையின் மேல்தான் அங்கே கூடுதல் கண் வேண்டும்.

பூண்டியின் உண்மையான செல்வம் வேறொன்று. அங்கே தொல்லியல் துறை நடத்தும் அருங்காட்சியகத்தில் இப்பகுதியில் கிடைத்த கற்காலக் கருவிகள் வைக்கப்பட்டிருக்கின்றன. 1863-இல் ராபர்ட் புரூஸ் ஃபூட், வில்லியம் கிங் என்ற இரு நிலவியலாளர்கள் அருகிலுள்ள அத்திரம்பாக்கத்தில் இத்தகைய கருவிகளை அடையாளம் கண்டனர். பின்னர் சாந்தி பப்பு தலைமையிலான குழு அங்கே அகழாய்வு செய்து, அவற்றுள் மிகப் பழையவை ஏறத்தாழ 15 லட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011-இல் வெளியிட்டது. இக்கருவிகளுள் ஒன்றான கைக்கோடரி எனப்படுவது மரப்பிடி பொருத்திய கோடரி அன்று. குவார்ட்சைட் என்ற கடினமான கல்லின் இருபுறமும் சில்லுகளைத் தட்டி எடுத்து, ஒரு முனை கூராகவும் மறுமுனை பிடிக்க வாகாகவும் பெரிய மாங்கொட்டை போலச் செதுக்கிய கருவி அது. இறைச்சி அறுக்கவும் கிழங்கு தோண்டவும் உதவிய அக்கருவியில் ஒவ்வொரு சில்லும் தெறித்த பள்ளத்தை இன்றும் தனித்தனியே எண்ணிப் பார்க்க முடியும் என்பதால், எத்தனை அடி அடித்திருப்பார்கள் என்று கேட்டாலே போதும், எட்டு வயதுப் பிள்ளை அந்தக் கண்ணாடிப் பெட்டியைவிட்டு எளிதில் நகராது. அத்திரம்பாக்கம் வரை போகும் குடும்பங்கள், தரையில் கிடக்கும் கல் எதையும் நினைவுப்பொருளாக எடுத்து வரலாகாது. கிடந்த இடத்தைவிட்டுப் பெயர்ந்த கருவி ஆய்வாளருக்குப் பெரிதும் பயனற்றுப்போகிறது.

பூந்தமல்லியிலிருந்து புறப்படுவோருக்குக் காஞ்சிபுரம் வாகானது. ஆனால் பட்டியலிட்டு ஏழெட்டுக் கோயில்களைச் சுற்றுவது பெரியவர்களின் நேர்த்திக்கடனாக இருக்கலாமே தவிர, பிள்ளைகளின் மகிழ்ச்சியாகாது. எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இராசசிம்ம பல்லவன் எழுப்பிய கைலாசநாதர் கோயில் ஒன்றே போதும். மணற்கல்லில் வடித்த சிங்கங்களும், திருச்சுற்றை ஒட்டி வரிசையாக அமைந்த சிற்றாலயங்களும் சிறுவர்களின் உயரத்துக்கே அமைந்தவை போல இருக்கின்றன; கருவறையைச் சுற்றி உள்ள குறுகிய வழியில் பெரியவர்கள் தவழ்ந்து திணறும்போது பிள்ளைகள் எளிதாக நுழைந்து வெளியேறுவார்கள். நண்பகலில் நடை சாத்திவிடும் என்பதாலும், வெயில் ஏறினால் கல்தளம் வெறுங்காலைச் சுட்டுவிடும் என்பதாலும், காலை ஆறரைக்கெல்லாம் பூந்தமல்லியைத் தாண்டிவிட வேண்டும். வேலை நாளாக இருந்தால் ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் பக்கம் ஷிப்டு மாறும் நேரத்துக் கம்பெனி பஸ்களையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

எங்கே போவதாயினும் இருக்கை பற்றிச் சமரசம் கூடாது. மோட்டார் வாகனச் சட்டத்தில் 2019-இல் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, பதினான்கு வயதுக்கு உட்பட்டவரை இருக்கைப் பட்டையோ குழந்தைகளுக்கான பாதுகாப்பு இருக்கையோ இன்றி அழைத்துச் செல்வதற்கு 1,000 ரூபாய் அபராதம். அபராதத்தைவிடக் காரணம் முக்கியமானது: வேகமாக ஓடும் வண்டி சட்டென்று நிற்கும்போது, முன்னிருக்கையில் தாயின் மடியில் இருக்கும் குழந்தை அதே வேகத்தில் முன்னோக்கி எறியப்படும், எந்தக் கையாலும் அதைப் பிடித்து நிறுத்த முடியாது, விபத்தில் வெடித்து விரியும் காற்றுப்பையோ பெரியவரைக் காப்பதற்காக அமைந்தது, சிறு குழந்தைக்கு அதுவே எமனாகலாம். பின்கதவுகளில் உள்ள சைல்டு லாக்கைப் போடுவது, டயரின் காற்றைப் புறப்படும் முன் பார்ப்பது, ஃபாஸ்டேக்கில் பணம் வைத்திருப்பது ஆகியவை முந்தின நாள் மாலையே முடிய வேண்டிய வேலைகள்.

உணவைப் பொறுத்தவரை, பழைய கட்டுச்சோற்று வழக்கத்தை மிஞ்சிய ஏற்பாடு இன்னும் வரவில்லை. நல்லெண்ணெயும் மிளகாய்ப்பொடியும் தடவிய இட்லி காலைக்கும் புளியோதரை நண்பகலுக்கும் தாங்கும். தயிர்சாதம் புளிக்காமலிருக்க, குழைய வடித்த சோறு ஆறியபின் காய்ச்சி ஆறவைத்த பாலை மிகுதியாக ஊற்றி, ஒரு கரண்டித் தயிர் மட்டும் கலந்துகொண்டால், உண்ணும் நேரத்தில் பதமாக உறைந்திருக்கும். புறப்படும் முன் குழந்தைக்கு வயிறு நிறையப் பால் கொடுப்பதைத் தவிர்ப்பது நல்லது. காஞ்சியில் மிளகும் சீரகமும் சுக்கும் சேர்த்து வேகவைத்த கோயில் இட்லியைப் பிள்ளைகளுக்குச் சுவைக்கத் தரலாம், முழு உணவாக அதை நம்பிவிட வேண்டாம். காரம் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது.

நண்பகல் உணவுக்குப் பின் ஓட்டுநருக்குக் கண் செருகும் நேரத்தில் ஒரு மணி நேரம் நிழலில் ஓய்வெடுத்து, இருட்டுவதற்கு முன் திரும்பிவிடுவதே முறை. வண்டியை வெயிலில் நிறுத்தி, தூங்கும் குழந்தையை உள்ளே விட்டுச் செல்வது ஐந்து நிமிடமே ஆனாலும் உயிருக்கு ஆபத்து. திரும்பும் வழியில் இராமானுசர் பிறந்த ஊரான ஸ்ரீபெரும்புதூரில் இறங்கும் எண்ணம் இருந்து, அதற்குள் பிள்ளைகள் பின்னிருக்கையில் தூங்கிவிட்டால், நிறுத்தாமல் வீட்டுக்கு வந்துவிடுவதே மேல். பூந்தமல்லியிலிருந்து அரை மணி நேரத் தொலைவில் இருக்கும் அந்தக் கோயிலுக்கு இன்னொரு ஞாயிற்றுக்கிழமை போய்க்கொள்ளலாம்.