வெளிநாட்டு ரெசிடென்சி கிடைச்சாச்சா? ஃப்ளைட் டிக்கெட் போடும் முன்னாடி இதைப் படிங்க!

'வாழ்த்துகள், நீங்கள் தேர்வாகியிருக்கிறீர்கள்' என்று ஒரு மெயில். பாரிஸ், ஆம்ஸ்டர்டாம், ஹெல்சிங்கி என ஏதோ ஓர் ஊர். மூன்று மாதம் தங்க ஓர் அறை, வேலை பார்க்க ஒரு ஸ்டூடியோ. ஓவியம், புகைப்படம், எழுத்து, இசை என்று எதிலாவது தீவிரமாக இருப்பவர்களுக்கு இந்த மெயில் பெரிய கனவு. இன்ஸ்டாவில் போட்டால் லைக்ஸ் குவியும். ஆனால், அதற்குப் பிறகு நடப்பதை யாரும் ஸ்டோரி போடுவதில்லை. அதைத்தான் இங்கே பார்க்கப் போறோம்.

ரெசிடென்சின்னா என்ன?

சிம்பிளா சொன்னா, கலைஞருக்குக் கொஞ்ச காலம் இடமும் நேரமும் கொடுத்து, 'உங்க வேலையைப் பாருங்க' என்று விட்டுவிடும் ஏற்பாடு. இது கோர்ஸ் இல்லை, வேலையும் இல்லை. பெரும்பாலான இடங்களில் பரீட்சை, சர்டிஃபிகேட் எதுவும் கிடையாது.

ஐடியா புதுசு இல்லை. பிரெஞ்சு அரசு தன் இளம் கலைஞர்களை ரோமுக்கு அனுப்பத் தொடங்கியது 17-ம் நூற்றாண்டில். அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயரில் 1907-ல் தொடங்கிய மெக்டவல், காட்டுக்குள் ஆங்காங்கே ஸ்டூடியோக்களைக் கட்டி வைத்திருக்கிறது. மதியச் சாப்பாட்டைக் கூடையில் வைத்து வாசலில் வைத்துவிட்டுப் போவார்கள். வேலை கெடக் கூடாது என்பதற்காக இந்த ஏற்பாடு. அங்கே தங்குவதற்குக் கட்டணமும் கிடையாது.

ஆனால், எல்லா இடமும் இப்படி இல்லை. ஆம்ஸ்டர்டாமின் ரைக்ஸ் அகாடமியில் 2 வருட ரெசிடென்சி. ஸ்டூடியோ, உதவித்தொகை, மரம், உலோகம், செராமிக் வேலைகளுக்குத் தனித்தனி பட்டறைகள் என எல்லாம் உண்டு. இடம் கிடைப்பதுதான் குதிரைக்கொம்பு. பாரிஸின் 'சிதே இன்டர்நேஷனல் தெஸ் ஆர்ட்ஸ்' 1965-ல் திறந்தது. 300-க்கும் மேற்பட்ட ஸ்டூடியோக்கள். அங்கே ஏதாவது ஓர் அமைப்பு உங்களுக்கு ஸ்பான்சர் செய்யவில்லை என்றால், மாதாமாதம் நீங்கள் ஒரு தொகை கட்ட வேண்டியிருக்கும். 

ஆக, 'ரெசிடென்சி' என்ற ஒரே வார்த்தைக்குள் சம்பளம் மாதிரி காசு கொடுக்கும் இடமும் இருக்கிறது, உங்களிடம் வாடகை வாங்கும் இடமும் இருக்கிறது. முதல் ஏற்ற இறக்கமே இங்கேதான் ஆரம்பம்.

காசு: யாரும் சொல்லாத கணக்கு

மெயிலில் 'விமானக் கட்டணம் வழங்கப்படும்' என்று இருக்கும். சந்தோஷம். ஆனால், பல இடங்களில் டிக்கெட்டை முதலில் நீங்கள் வாங்கி, பில் அனுப்பிய பிறகுதான் பணம் வரும். அதுவரை கிரெடிட் கார்டு வட்டி யார் கட்டுவது?

அடுத்து, ஊரில் ஓடிக்கொண்டிருக்கும் செலவு. உதாரணத்துக்கு ஒரு கணக்கு போடுவோம். நீங்கள் ஒரு ஃப்ரீலான்ஸ் இல்லஸ்ட்ரேட்டர். சென்னையில் ரூம் வாடகை 12,000 ரூபாய், வீட்டுக்கு அனுப்புவது 10,000, லேப்டாப் இ.எம்.ஐ 6,000. மாதம் 28,000. மூன்று மாதத்துக்கு 84,000 ரூபாய். அங்கே உங்களுக்குச் சோறும் கூரையும் இலவசமாகவே இருந்தாலும், இந்த 84,000 நிற்காது. அதே மூன்று மாதத்தில் ரெகுலர் கிளையன்ட்டுகள் வேறு ஆளைத் தேடிக்கொள்ளவும் வாய்ப்பு உண்டு.

அதனால், 'உதவித்தொகை எவ்வளவு?' என்று மட்டும் பார்க்காதீங்க. அந்த ஊரில் ஒரு மாதச் சாப்பாடு, பஸ், ரயில், வேலைக்கான பொருட்கள் என எல்லாம் போக மிச்சம் எவ்வளவு, அது ஊர்ச் செலவைத் தாங்குமா என்று பாருங்க. தாங்காது என்றால் போகவே கூடாது என்று அர்த்தம் இல்லை. முன்கூட்டியே வேறு நிதி தேட வேண்டும் என்று அர்த்தம். பிரிட்டன் போகும் இந்தியர்களுக்கு சார்ல்ஸ் வாலஸ் இந்தியா டிரஸ்ட், சுவிட்சர்லாந்து ரெசிடென்சிகளுக்கு டெல்லியில் அலுவலகம் வைத்திருக்கும் ப்ரோ ஹெல்வெட்டியா, இளம் கலைஞர்களுக்கு உதவும் இன்லாக்ஸ் சிவ்தாசனி ஃபவுண்டேஷன் போன்றவை இருக்கின்றன. ஒவ்வொன்றுக்கும் கடைசித் தேதி, வயது வரம்பு, நிபந்தனைகள் வேறு வேறு. நேராக அவர்களின் வெப்சைட்டிலேயே பாருங்க.

விசா: 90 நாள் கணக்கு

ஐரோப்பாவின் பல நாடுகளுக்குப் பொதுவான ஷெங்கன் விசாவில், எந்த 180 நாளை எடுத்தாலும் அதில் 90 நாள்தான் தங்க முடியும். மூன்று மாத ரெசிடென்சி என்று சொல்லிவிடுவார்கள். ஜூலை, ஆகஸ்ட், செப்டம்பர் என்றால் மொத்தம் 92 நாள்! இரண்டு நாள்தானே என்று நினைக்காதீங்க. கூடுதலாகத் தங்கினால் அடுத்த விசாவுக்கே சிக்கல் வரலாம். அதற்கு மேல் தங்க, அந்தந்த நாட்டின் நீண்டகால விசா தேவை. அதற்குப் பேப்பர் வேலை இன்னும் அதிகம்.

ஷெங்கன் விசா கட்டணம் 2024 ஜூனிலிருந்து பெரியவர்களுக்கு 90 யூரோ. விசா மறுக்கப்பட்டால் இந்தக் காசு திரும்பி வராது. குறைந்தது 30,000 யூரோவுக்கான பயண மருத்துவக் காப்பீடும் கட்டாயம். பயணத்துக்கு 6 மாதம் முன்பிருந்தே விண்ணப்பிக்கலாம். நிலையான சம்பளச் சீட்டு இல்லாத ஃப்ரீலான்சர்களுக்கு பேங்க் ஸ்டேட்மென்ட்தான் தலைவலி. அழைப்புக் கடிதத்தில் தங்கும் இடம், செலவை யார் ஏற்கிறார்கள், எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என மூன்றும் தெளிவாக இருக்கிறதா என்று பார்த்து, இல்லையென்றால் திருத்தி வாங்குங்க. கேட்டால் தப்பா நினைப்பாங்களோ என்ற தயக்கமே வேண்டாம். இது அவர்களுக்கு வழக்கமான கேள்வி.

போய் இறங்கியாச்சு... அப்புறம்?

முதல் வாரம் சூப்பர். எல்லாமே புதுசு. மியூசியம், டிராம், காபி, போட்டோ. இரண்டாவது வாரத்தில்தான் ஒரு விஷயம் உறைக்கும். இங்கே எட்டு மணிக்கு எழுப்ப ஆள் இல்லை. டெட்லைன் இல்லை. 'நேரமே இல்லை' என்று இத்தனை நாள் சொல்லிவந்த காரணமும் இல்லை. வெள்ளைச் சுவர், வெள்ளை கேன்வாஸ், நீங்கள். இந்தச் சுதந்திரம்தான் பலருக்கும் பயத்தைக் கொடுக்கும்.

குளிர்காலம் என்றால் இன்னும் கஷ்டம். ஹெல்சிங்கியில் ஹெச்.ஐ.ஏ.பி என்ற ரெசிடென்சியின் ஸ்டூடியோக்கள் சுவோமென்லின்னா என்ற கோட்டைத் தீவில் இருக்கின்றன. நகரத்திலிருந்து படகில் போக வேண்டும். ஜூனில் போனால் ராத்திரி 10 மணிக்கும் வெளிச்சம், சொர்க்கம். டிசம்பரில் போனால் காலை 9 மணி தாண்டித்தான் சூரியன் எட்டிப்பார்க்கும், பிற்பகல் 3 மணி வாக்கில் கிளம்பிவிடும். வருடம் முழுக்க வெயிலைத் திட்டியே வளர்ந்த நமக்கு, ஆறு மணி நேரம்கூட இல்லாத பகல் மனசை அழுத்தும். மாதத்தைத் தேர்ந்தெடுக்கும் வாய்ப்பு கொடுத்தால், இதையும் யோசிங்க.

அப்புறம் சாப்பாடு. பொதுச் சமையலறையில் காய்ந்த மிளகாய் போட்டுத் தாளித்தால், ஸ்மோக் அலாரம் அலறி மொத்தக் கட்டடமும் வெளியே வந்து நிற்கும். தாளிப்பை ஊரிலேயே முடித்து, பருப்புப்பொடியும் புளிக்காய்ச்சலும் கட்டிக்கொண்டு போறது புத்திசாலித்தனம். ஒரு நல்ல பக்கமும் இருக்கு. பொதுச் சமையலறையில் ஒருநாள் ரசம் வைத்துக் கொடுங்க. எந்த நெட்வொர்க்கிங் மீட்டிங்கிலும் கிடைக்காத நட்பு அங்கே கிடைக்கும்.

இன்னொரு விஷயத்தை வெளிப்படையா பேசணும். ஸ்டூடியோவைப் பார்க்க வருபவர்களில் சிலர், உங்களிடம் 'இந்தியா'வை எதிர்பார்ப்பார்கள். சாதி, சேலை, மசாலா என்று ஏதாவது ஒன்று. நீங்கள் பூச்சிகளை வரைபவராக இருப்பீர்கள். 'இதில் உங்கள் கலாசாரம் எங்கே?' என்ற கேள்வி வரும். பதிலை யோசித்து வைத்துக்கொள்ளுங்க. ஒரு நாட்டின் பிரதிநிதியாக யாரும் உங்களைத் தேர்ந்தெடுக்கவில்லை. உங்கள் வேலைக்காகத்தான் கூப்பிட்டிருக்கிறார்கள்.

பெரிய ஆட்களும் திணறியிருக்காங்க

நமக்கு மட்டும்தான் இப்படியா என்று தோன்றும்போது, வரலாறு ஆறுதல் தரும். பிரான்ஸின் ஹெக்டர் பெர்லியோஸ், 1830-ல் 'ரோம் பரிசு' வென்ற இசையமைப்பாளர். 1831-ல் ரோம் போனார். கொஞ்ச நாளிலேயே, தன்னை மணப்பதாகச் சொன்ன காதலி பாரிஸில் வேறொருவரைக் கட்டிக்கொள்ளப் போகும் செய்தி வந்தது. கொலைவெறியோடு துப்பாக்கியும் மாறுவேடமுமாகக் கிளம்பிவிட்டார் மனிதர். வழியில் நீஸ் நகரத்தில் கோபம் தணிந்து, கடற்கரையில் சில வாரம் தங்கினார். அங்கே 'கிங் லியர்' நாடகத்தை வைத்து இசை எழுதிவிட்டு ரோம் திரும்பினார். இத்தாலியில் அலைந்த அனுபவம் பிறகு 1834-ல் 'ஹெரால்டு இன் இத்தாலி'யாக வந்தது. அதே பரிசை 1884-ல் வென்ற தெபுஸ்ஸியும் ரோமில் மனம் ஒட்டாமல் தவித்தவர்தான்.

நம்ம ஊர் ஆள் வேண்டுமா? எழுத்தாளர் அசோகமித்திரன். அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகம் 1967-ல் தொடங்கிய சர்வதேச எழுத்தாளர் நிகழ்ச்சிக்கு, 1973-ல் போனார். அப்போது அவருக்கு 40 தாண்டியிருந்தது. பல நாட்டு எழுத்தாளர்களோடு, பழக்கமில்லாத குளிரில் பல மாதங்கள். அந்த நாட்கள்தான் பின்னாளில் 'ஒற்றன்' நாவலாக வந்தது. அந்நிய ஊரின் சின்னச் சின்னச் சங்கடங்கள், சக எழுத்தாளர்களின் விசித்திரங்கள், நட்பு என எல்லாமே அதில் கதையாகியிருக்கிறது.

இரண்டு பேரிடமும் ஓர் ஒற்றுமை. 'ஹெரால்டு'ம் சரி, 'ஒற்றன்' நாவலும் சரி, தங்கியிருந்த இடத்திலேயே முடிந்து கையில் வரவில்லை. ஊர் திரும்பிய பிறகுதான் வந்தது. மூன்று மாதத்தில் மாஸ்டர்பீஸ் வரவில்லையே என்று ஸ்டூடியோவில் உட்கார்ந்து அழும் எல்லோரும் மனதில் வைக்க வேண்டியது இதுதான். ரெசிடென்சி காலத்தில் சேர்வது விதைநெல். அறுவடை அங்கேயே நடக்க வேண்டும் என்று கட்டாயம் இல்லை.

திரும்பி வந்த பிறகு

ரெசிடென்சியிலேயே கஷ்டமான பகுதி, அது முடிந்த பிறகு வருவதுதான். அங்கே காலையில் எழுந்தால் நீங்கள் 'ஆர்ட்டிஸ்ட்'. இங்கே வந்து இறங்கிய மறுநாள் கேஸ் சிலிண்டர் புக் பண்ணணும். 'அங்கே போய் என்ன சம்பாதிச்ச?' என்று சித்தப்பா கேட்பார். மூன்று மாதம் பேசிய கலைமொழியைப் பேச இங்கே ஆள் கிடைக்காது. இந்த வெறுமை ரொம்ப இயல்பானது. 

இதற்கு முன்கூட்டியே மூன்று காரியம் செய்யலாம். ஒன்று, திரும்பிய முதல் மாதத்துக்கான செலவுப் பணத்தைத் தனியாக எடுத்து வைங்க. இரண்டு, கிளையன்ட்டுகளுக்குத் திரும்பும் தேதியைச் சொல்லிவிட்டுப் போங்க. மூன்று, அங்கே தினமும் நான்கு வரி டைரி எழுதுங்க. ஆறு மாதம் கழித்து எதற்காகப் போனோம் என்று மறந்துபோகும்போது, அதுதான் கை கொடுக்கும்.

ஓவியர்களுக்கு ஒரு கூடுதல் டிப். கேன்வாஸை ஃப்ரேமிலிருந்து கழற்றிச் சுருட்டி எடுத்து வரும்படி முதலிலேயே திட்டமிடுங்க. டர்பன்டைன் மாதிரி தீப்பற்றும் திரவங்களை விமானத்தில் ஏற்ற விட மாட்டார்கள். அதைப் போகும் இடத்தில் வாங்கி, அங்கேயே விட்டுவிட்டு வாங்க.

'யெஸ்' சொல்லும் முன் கேட்க வேண்டியவை

* தங்குமிடத்துக்கு நான் ஏதாவது கட்ட வேண்டுமா? 
* உதவித்தொகை எந்தத் தேதியில் வரும்? வரி பிடிப்பீர்களா?
* டிக்கெட் நீங்கள் எடுப்பீர்களா, நான் எடுத்துப் பிறகு வாங்கிக்கொள்ள வேண்டுமா?
* எந்த வகை விசா? அதற்கான கடிதங்களை எப்போது தருவீர்கள்?
* முடிவில் கண்காட்சி கட்டாயமா? செய்த படைப்புகளில் ஏதாவது உங்களுக்குக் கொடுக்க வேண்டுமா?
* உடம்பு சரியில்லை என்றால் யாரை அழைப்பது?
* முன்பு அங்கே தங்கிய இருவரிடம் பேச முடியுமா?

கடைசிக் கேள்விதான் ரொம்ப முக்கியம். வெப்சைட் சொல்லாததை, அங்கே ஒரு குளிர்காலம் கழித்தவர் பத்து நிமிடத்தில் சொல்லிவிடுவார். எங்கே தேடுவது என்று கேட்டால், ரெஸ் ஆர்ட்டிஸ், ட்ரான்ஸ் ஆர்ட்டிஸ்ட்ஸ் ஆகிய தளங்களில் உலகம் முழுக்க உள்ள ரெசிடென்சிகளின் பட்டியல் இருக்கிறது. 

இவ்வளவு படித்த பிறகு 'இவ்ளோ தொல்லையா, வேண்டாம்பா' என்று தோன்றினால், கொஞ்சம் பொறுங்க. யாரோ ஒருவர் உங்கள் வேலையைப் பார்த்து, 'இதைச் செய்ய உங்களுக்கு நேரம் தருகிறோம்' என்று சொல்வது சாதாரண விஷயம் இல்லை. வாழ்க்கையில் அப்படிச் சொல்பவர்கள் ரொம்பக் குறைவு. கணக்கைச் சரியாகப் போட்டுவிட்டு, கேள்விகளை வெட்கப்படாமல் கேட்டுவிட்டு, தைரியமா கிளம்புங்க. பருப்புப்பொடியை மறந்துடாதீங்க!