குத்தகைக்கு வந்த டயர் ஆலை

போன தை மாசம் ஒருத்தர் என் கிணத்துமேட்டு 2 ஏக்கரைக் குத்தகைக்குக் கேட்டு வந்தார். பழைய டயர், பிளாஸ்டிக்கிலிருந்து எண்ணெய் எடுக்கும் ஆலை போடணுமாம். "குப்பையும் ஒழியும், காசும் வரும், நீங்கதான் இயற்கை விவசாயியாச்சே" என்றார். சொன்ன குத்தகையோ, அந்த மேட்டில் நிலக்கடலை போட்டு நான் பார்ப்பதைப்போல மூணு மடங்கு. பொய் சொல்வானேன், ஆசையாகத்தான் இருந்தது.

வங்கியில் கடன் கோப்பு பார்த்தே தலை நரைத்தவன் நான். திட்ட அறிக்கையை வாங்கி வைத்துக்கொண்டு விசாரிக்க ஆரம்பித்தேன்.

தொழில்நுட்பத்தில் மாயம் ஒன்றுமில்லை. சீமைக்கருவேலங் கரிமூட்டம் பார்த்திருப்பீங்க. காற்றுப் படாமல் மண்ணால் மூடி வேகவைத்தால் விறகு சாம்பலாகாமல் கரியாகும். இதுவும் அப்படித்தான். காற்றுப் புகாத இரும்புக் கலனில் டயரைப் போட்டு 400, 500 டிகிரி வரை சூடேற்றினால் ரப்பர் சிதைந்து ஆவியாகும். ஆவியைக் குளிர்வித்தால் எண்ணெய். 100 கிலோ டயரில் சுமார் 40 கிலோ எண்ணெய், 30 கிலோவுக்கு மேல் கரித்தூள், 10 கிலோவுக்கு மேல் கம்பி. மிச்சம் எரிவாயு, அதையே அடுப்புக்கு விடுகிறார்கள். போகிக்கு டயர் கொளுத்துவதைவிட இது எவ்வளவோ மேல், சந்தேகமில்லை.

சிக்கல் அப்புறம்தான். வெந்து முடிந்து கலனைத் திறக்கும்போது மாவு போன்ற கரித்தூள் பறக்கும். முழுக்க மூடிய, தொடர்ந்து ஓடும் ஆலையில் இதைக் கட்டுப்படுத்தலாம். நம்மிடம் வந்ததோ ஒவ்வொரு முறையும் கதவைத் திறந்து அள்ளுகிற மலிவு வகை. என் கிணறு 60 அடி தூரத்தில்!

எண்ணெயும் டீசல் இல்லை. ரப்பரை இறுக்கக் கந்தகம் சேர்ப்பதால் இதில் கந்தகம் கிட்டத்தட்ட 1 விழுக்காடு. 2020 முதல் பங்க்கில் விற்கும் பிஎஸ்-6 டீசலில் 10 லட்சத்தில் 10 பங்குதான் இருக்கலாம். ஆயிரம் மடங்கு வித்தியாசம். உலைக்கு எரிக்கத்தான் ஆகும். விலை குறைவு என்று இதை டீசல் இன்ஜினில் ஊற்றிய என் பங்காளி, நாசில் அடைத்து, பம்ப் மாற்றி, மிச்சம் பிடித்ததைவிட அதிகம் செலவழித்தார்.

பிளாஸ்டிக்கிலும் எல்லாம் ஒன்றல்ல. சொட்டுநீர்க் குழாயும் பாலித்தீன் பையும் நல்ல எண்ணெய் தரும். பிவிசி பைப் மட்டும் கலந்தால் போச்சு. அதன் எடையில் பாதிக்கு மேல் குளோரின். சூட்டில் அமில வாயுவாகிக் கலனையே தின்றுவிடும். யார் பிரித்துக் கொடுப்பது? அறிக்கையில் பிரிக்கும் கூலிக்கு ஒரு வரிகூட இல்லை. மாசுக் கட்டுப்பாட்டு வாரிய இசைவாணை எங்கே என்றேன். "அது வந்துரும் சார்" என்றார். இப்படி 'வந்துரும்' என்ற காகிதத்தை நம்பிக் கொடுத்த கடன் எத்தனை வாராக்கடன் ஆனதென்று எனக்குத் தெரியும். நிலம் இல்லையென்று சொல்லிவிட்டேன். வீட்டில் இரண்டு நாள் பேச்சு வாங்கினேன், அது வேறு கதை.

ஆனால் என் கொட்டகையிலும் 4 மூட்டை பழைய மல்ச்சிங் ஷீட் கிடக்கிறது, இயற்கைக்கு வருமுன் தர்பூசணிக்கு விரித்தது. பழைய இரும்புக்காரர் சொட்டுநீர்க் குழாயை எடுத்துக்கொண்டார், இதைத் தொடவில்லை. ஷீட்டின் எடைக்குச் சமமாக மண் ஒட்டியிருக்கிறது. மண்ணில் எண்ணெய் வராதே. சிமெண்ட் ஆலைகள் 1,400 டிகிரி சூளையில் இப்படிப்பட்ட கழிவை நிலக்கரியோடு சேர்த்து எரிக்கின்றன. ஒருத்தர் 4 மூட்டையைக் கொண்டுபோனால் வாங்க மாட்டார்கள், லாரிக் கணக்கில் வேண்டும். எங்கள் ஊரில் இன்னும் 11 பேரிடம் இதே ஷீட் இருக்கிறது. உதறிக் காயவைத்துக் கட்டி வைக்கச் சொல்லியிருக்கிறேன். கத்தரிக்கு இந்தப் பட்டம் கரும்புச் சோகைதான் மூடாக்கு.