வானேறும் வழிகள் இரண்டு

நுழையும்முன்

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கும் சேலத்திற்கும் சுழல்விசிறி பொருத்திய ஏ.டி.ஆர். 72 வகை விமானங்கள் பறக்கின்றன. ஏறத்தாழ அதே அளவு பயணிகளை ஏற்றிச் செல்லும் சிறிய ஜெட் விமானங்களும் உலகெங்கும் உள்ளன. பிரேசில் நாட்டில் உருவாகும் எம்பிரேயர் 175 அவற்றுள் ஒன்று. இவ்விரண்டும் வானேறும் முறை வேறு வேறானது. அவ்வேறுபாடு சில வேளைகளில் பயணிகளின் உயிரோடும் தொடர்புடையது.

எஞ்சும் விசையே ஏற்றும்

மட்டமாகப் பறக்கும் விமானத்திற்குக் காற்றின் இழுவையை ஈடுசெய்யும் அளவு உந்துவிசை போதும். மேலேறுவதற்கு அதனினும் மிகுதியாக வேண்டும். இழுவைக்குப் போக எஞ்சும் உந்துவிசை, விமானம் எவ்வளவு செங்குத்தாக ஏறும் என்பதை முடிவு செய்கிறது. இது ஏற்றக் கோணம். எஞ்சும் திறன், ஒரு நிமிடத்தில் எத்தனை அடி உயரும் என்பதை முடிவு செய்கிறது. இது ஏற்ற வீதம். இரண்டும் ஒன்றெனக் கருதுவது பலரும் செய்யும் பிழை.

சுழல்விசிறி விமானத்தை டர்போபிராப் என்பர். அதன் உள்ளேயும் எரிவாயுச் சுழலியே இயங்குகிறது. ஆயினும் அதன் ஆற்றலில் பெரும்பகுதி விசிறியைச் சுழற்றவே பயன்படுகிறது. விசிறி பெருமளவு காற்றை மெல்லத் தள்ளுவதால், குறைந்த வேகத்தில் மிகுந்த உந்துவிசை கிடைக்கிறது. வேகம் கூடக்கூட அவ்விசை தேய்கிறது. ஜெட் எஞ்சினின் உந்துவிசையோ வேகத்தால் அந்த அளவிற்குத் தேய்வதில்லை. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கிவரும் அளவு. ஆகவே, ஜெட் விமானம் விரைந்து பறக்கும்போதே அதன் எஞ்சும் திறன் மிகுகிறது.

ஒரு சிறு கணக்கு

முழு எடையுடன் புறப்படும் ஏ.டி.ஆர். 72-600 விமானம், மணிக்கு ஏறத்தாழ 315 கிலோமீட்டர் வேகத்தில், தொடக்கத்தில் நிமிடத்திற்கு ஏறத்தாழ 1,350 அடி உயர்கிறது. ஒரு ஜெட் விமானம் மணிக்கு 460 கிலோமீட்டர் வேகத்தில், நிமிடத்திற்கு 2,500 அடி உயர்வதாகக் கொள்வோம். ஏற்ற வீதத்தில் ஜெட் ஏறத்தாழ இருமடங்கு முந்துகிறது. ஆனால் 100 மீட்டர் முன்னேறும்போது டர்போபிராப் ஏறத்தாழ 8 மீட்டரும், ஜெட் ஏறத்தாழ 10 மீட்டரும் உயர்கின்றன. கோணத்தில் வேறுபாடு சிறிதே.

எதிரே நிற்கும் குன்றைத் தாண்ட உதவுவது கோணம். மேகத்தைக் கடந்து விரைவில் மேலே செல்ல உதவுவது வீதம். எந்த விமானம் நன்றாக ஏறும் என்று வினவுவோர், எதற்காக ஏற வேண்டும் என்பதையும் சேர்த்தே வினவ வேண்டும்.

தெரிந்து தெளிவோம்

இரட்டை எஞ்சின் கொண்ட போக்குவரத்து விமானத்தில், புறப்படும்போது ஓர் எஞ்சின் நின்றுபோனாலும், சக்கரங்களை உள்ளிழுத்த பின்னர் 100 மீட்டர் முன்னேற்றத்திற்கு 2.4 மீட்டரேனும் உயர வேண்டும் என்பது பன்னாட்டளவில் பின்பற்றப்படும் தகுதி விதி. டர்போபிராப், ஜெட் இரண்டிற்கும் அளவு ஒன்றே. வெப்பம் மிகுந்த நாளில் காற்று அடர்த்தி குறைந்து ஏறும் ஆற்றலும் குறையும். எனவே இவ்விதியை நிறைவு செய்யச் சில வேளைகளில் எடையைக் குறைக்க நேரிடும்.

பனி உறையும் அடுக்கு

ஏ.டி.ஆர். 72 ஏறக்கூடிய உச்ச உயரம் 25,000 அடி. எம்பிரேயர் 175-க்கு அது 41,000 அடி. குறுகிய தொலைவிற்கு அவ்வளவு உயரம் தேவையில்லை. ஏறி முடித்தவுடனே இறங்கத் தொடங்க வேண்டியிருக்கும். அத்தகைய வழித்தடங்களில் குறைந்த எரிபொருளில் செல்லும் டர்போபிராப் சிறந்து விளங்குகிறது.

ஆனால் உறைநிலைக்குக் கீழே குளிர்ந்தும் நீராகவே மிதக்கும் துளிகள், பெரும்பாலும் டர்போபிராப் பறக்கும் உயரங்களிலேயே உள்ளன. அவை விமானத்தின் மீது பட்டவுடன் பனிக்கட்டியாகின்றன. 6,000 அடி தடிப்புள்ள பனி அடுக்கை நிமிடத்திற்கு 2,000 அடி ஏறும் விமானம் 3 நிமிடங்களில் கடக்கும். 600 அடி ஏறும் விமானத்திற்கு 10 நிமிடங்கள் ஆகும். பனி படியப்படிய இழுவை கூடும். ஏற்ற வீதம் மேலும் குறையும்.

ஜெட் விமானங்கள் பலவும் எஞ்சினின் வெப்பக் காற்றால் இறக்கையின் முன்விளிம்பைச் சூடாக்குகின்றன. டர்போபிராப் எஞ்சினில் அதற்கெனப் பிரித்தெடுக்கக்கூடிய காற்று குறைவு. ஆதலால் முன்விளிம்பில் ஒட்டிய ரப்பர் உறைகளைக் காற்றால் உப்பவைத்துப் பனியை உடைத்து உதிர்க்கின்றனர்.

1994 அக்டோபர் 31 அன்று அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில், சிகாகோவில் தரையிறங்க இசைவு வேண்டி ஓர் ஏ.டி.ஆர். 72 விமானம் ஏறத்தாழ 10,000 அடி உயரத்தில் வட்டமிட்டுக் காத்திருந்தது. ரப்பர் உறைகளுக்குப் பின்னால், அவை எட்டாத பகுதியில் பனி திரண்டது. பின்னர்க் கீழிறங்கும்போது விமானம் கட்டுப்பாட்டை இழந்து ரோஸ்லான் ஊருக்கருகே வீழ்ந்தது. அதிலிருந்த 68 பேரும் உயிரிழந்தனர். அதன்பின் இவ்வகை விமானங்களின் ரப்பர் உறைகள் அகலமாக்கப்பட்டன.

வேகமே காப்பு

பனியிடையே ஏறும் விமானியை ஈர்க்கும் ஆபத்து ஒன்று உண்டு. ஏற்ற வீதம் குறைகிறதென்று மூக்கை மேலும் உயர்த்தினால், சிறிது நேரம் வீதம் மீள்வதுபோல் தோன்றும். உண்மையில் அவ்வுயரம் வேகத்தை விற்று வாங்கியதாகும். தானியங்கிக் கருவியை மாறாத ஏற்ற வீதத்தில் நிறுத்தினாலும், அது ஓசையின்றி இதையே செய்யும். வேகம் மிகவும் குறைந்தால் இறக்கை தாங்குவிசையை இழக்கும். எனவே பனியில் ஏறும்போது வேகத்தை மாறாது காத்து, கிடைக்கும் வீதத்தை ஏற்றுக்கொள்ள வேண்டும். ஏற இயலாவிடில் அவ்வடுக்கைவிட்டு வெளியேற வேண்டும்.

ஜெட், வானிலையைக் கடந்து மேலே செல்லும் வலிமையுடையது. டர்போபிராப், வானிலையை அறிந்து அதனிடையே செல்ல வேண்டியது. ஒவ்வொன்றின் எல்லையையும் உணர்ந்து இயக்குவதே பாதுகாப்பான பயணத்திற்கு அடிப்படை.